டேபிள் சா வச்சிருக்கவங்களுக்கு: ரோலர் ஸ்டாண்டு போதுமா, பின்மேசை வேணுமா?

மே 3 – கேள்வி, பர்மாவுல தட்டோன் ஊர்ல இருந்து ஒரு தம்பி

அண்ணே வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி 10க்கு 14 ஷெட்டு போட்டு ஒரு 10 இஞ்ச் டேபிள் சா வச்சிருக்கேன், மேசை நடுவுல வட்ட ரம்பம் நீட்டிக்கிட்டிருக்குமே அது, தூக்கிட்டுப் போற சின்ன ஜாப்சைட் டைப்பு. ஜன்னல் சட்டம், கட்டில் பலகை கிழிக்கிறேன். பலகை பின்பக்கம் தொங்குது, அதைத் தாங்க ஒரு பின்மேசை, அவுட்ஃபீட் டேபிள், போட்டுருன்னு பாக்குறவங்கல்லாம் சொல்றாங்க. எனக்கு இடமே கிடையாது. மேல உருளை வச்ச ஒரு ரோலர் ஸ்டாண்டு வச்சா போதும்ங்கிறது என் கட்சி. நீங்க மோல்மீன்ல ரொம்ப நாளா வேலை பாக்குறீங்க, சொல்லுங்க.

மே 3, ராத்திரி

போதாது தம்பி.

பலகை தொங்குறது வெளியில தெரியுற விஷயம், ஆனா ஆபத்து அதுல இல்ல, அந்த நேரத்துல உன் கை எங்க போகுதுங்கிறதுல இருக்கு. நாளைக்கு ஒரு 8 அடிப் பலகையை மெஷின் ஆஃப் பண்ணிட்டு, பிளேடை முழுசா கீழ இறக்கிட்டு, சும்மா தள்ளிப் பாரு. முக்காவாசி போனதும் பின்பக்கம் கனம் கூடும், உன் பக்கத்து வால் மேல எழும்பும். அதை அமுக்க இடது கை தானா பலகை மேல போகும், உடம்பு முன்னால சாயும், கடைசி ஒரு அடி தள்ளுறப்ப உன் நெஞ்சு பிளேடுக்கு நேரா இருக்கும். மெஷின் ஓடுறப்பவும் இதேதான் செய்வே, யாரா இருந்தாலும் இப்படித்தான் செய்வாங்க, கையோட பழக்கம் அது.

வால் எழும்புறப்ப பலகை பிளேடு மேல நேரா உக்காராது. வெட்டுன பிளவோட ஒரு கன்னம் பிளேடோட பின்பக்கத்துப் பல்லுல உரசும். முதல்ல சத்தம் மாறும், அப்புறம் கருகுற வாசனை வரும், தேக்குன்னா எண்ணெய்ப் புகையா வரும், வெட்டுன முகத்துல பழுப்பா ஒரு வளைவுக்கோடு விழுந்திருக்கும். உன் ஜன்னல் சட்டத்துல கடைசி ஒரு அடியில அந்தக் கோடு இருக்கா பாரு. இருந்தா, பின்னாடி பலகையைத் தாங்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். பின்பக்கத்துப் பல்லு மேல ஏறி வர்ற பல்லு, அது பலகையைக் கவ்விடுச்சுன்னா தூக்கி உன் மேலயே எறியும். 10 இஞ்ச் பிளேடு நிமிஷத்துக்கு 4000 சுத்து சுத்தினா அதோட ஓரம் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்துல ஓடுது, கணக்குப் போட்டுப் பாத்துக்க. பிளேடுக்குப் பின்னாடி நிக்கிற அந்தத் தகடு, ரைவிங் நைஃப், அதைக் கழட்டி வச்சிருந்தா இன்னைக்கே மாட்டிடு, அதுக்கப்புறம் பேசலாம்.

மே 4

ரோலரைப் பத்தி நேத்து ஒண்ணும் சொல்லாம விட்டுட்டேன். ரோலர் வெட்டுற கோட்டுக்குச் சரியா குறுக்க நிக்கணும். கொஞ்சம் கோணலா நின்னாலும் பலகையைத் தன் பக்கம் இழுத்துட்டுப் போகும், ஒண்ணு ஃபென்ஸை, அதான் பலகையை ஒட்டித் தள்ளுற பக்கத் தடுப்பை, விட்டு விலகும், இல்லன்னா ஃபென்ஸோட போய் நெருக்கும். ரெண்டுமே கெடுதல். இன்னொண்ணு, மெல்லிசான பலகையோட முனை தொங்கிக்கிட்டே வரும், ரோலருக்கு மேல ஏறாம நேராப் போய் ஸ்டாண்டை இடிச்சுத் தள்ளிடும். உருளைக்குப் பதிலா இரும்புக் குண்டு வச்ச ஸ்டாண்டுன்னா எந்தப் பக்கமும் உருளும், அது பரவாயில்ல, ஆனா சாயுறது சாயத்தான் செய்யும். எங்க மாமா பழைய ஆசாரி, மெஷினே பிடிக்காது அவருக்கு, முதல்முதல்ல ரோலர் ஸ்டாண்டைப் பாத்துட்டு “இதுல அப்பளம் தேய்க்கலாமா”ன்னு கேட்டாரு.

பின்மேசை எவ்வளவு நீளம்னு முடோன் ஊர்ல இருந்து ஒரு அண்ணன் கேட்டிருக்காரு. கணக்கு சுலபம்ணே. 8 அடிப் பலகை வெட்டி முடிஞ்சு பிளேடைத் தாண்டுற நேரத்துல பாதிக் கனம், அதாவது 4 அடி, பிளேடுக்குப் பின்னாடி போயிருக்கும். அந்த 4 அடி வரைக்கும் கீழ ஏதாவது தாங்கினாத்தான் கைய எடுத்தாலும் பலகை சாயாது. ஜாப்சைட் மெஷின்ல பிளேடுக்குப் பின்னால மெஷினோட சொந்த மேசை ஒரு 8 இஞ்ச் இருக்கும். 48ல 8 போனா 40. நான் 42 போட்டிருக்கேன். நீங்க 6 அடிக்கு மேல கிழிக்கிறதே இல்லன்னா 28, 30 இஞ்ச் போதும், வீணா இடத்தை அடைக்க வேணாம்.

மே 4, கொஞ்சம் கழிச்சு

தம்பி, உன் 14 அடி ஷெட்டுல 8 அடிப் பலகை கிழிக்க பிளேடுக்கு முன்னால 8, பின்னால 8 வேணும், ஆக 16 அடி. மேசை போட்டாலும் போடலன்னாலும் அது வேணும். மெஷினை வாசலுக்கு நேரா திருப்பி வை, எதிர்ச் சுவர்ல மேசை உயரத்துக்கு ஒரு சின்ன ஜன்னல் தொறந்துக்க, நீளப் பலகை அது வழியா வெளிய போகட்டும். இங்க நம்ம ஆளுங்க பட்டறையில பலகைச் சுவர்தானே, வெட்டி எடுக்க அரை மணி நேரம்.

மே 9

உயரம். இதுக்குத்தான் நிறைய பேர் தடுமாறுறாங்க.

மெஷின் மட்டத்துக்குச் சமமா வைக்கணும்னு நினைப்பாங்க. வேணாம். அரை நூல் கீழ இறக்கி வை. ஒரு இஞ்ச்சுக்கு எட்டு நூல், அதுல ஒரு நூல்ல பாதி, மில்லிமீட்டர்ல ஒண்ணரை. மாமா எல்லாத்தையும் நூல்லதான் சொல்லுவாரு, எனக்கும் அதுவே வருது. சமமா வச்சா பலகை கொஞ்சம் தொங்கி வந்தாலே மேசை ஓரத்துல முட்டி நின்னுடும். பாதி வெட்டுல பலகை நிக்கிறது ரொம்பக் கெட்டது. நின்னதும் கை இன்னும் பலமா தள்ளும், அப்பத்தான் விரல் வழுக்கும்.

அதோட மெஷின் பக்கத்து ஓரத்தை 45 டிகிரியில நல்லா சீவி விடு, ஒரு இஞ்ச் அகலத்துக்கு. பேருக்கு ஒரு தேய் தேய்ச்சு விடாத. தொங்குற முனை அந்தச் சரிவுல பட்டு மேல ஏறி வரணும். மேசைக்கும் மெஷினுக்கும் நடுவுல ஃபென்ஸோட பின் ரெயில் நிக்கிற அளவு இடைவெளி விடணும், அது ரெண்டு இஞ்ச்சுக்குள்ள இருக்கட்டும், அதுக்கு மேல போனா மெல்லிசு ரீப்பரெல்லாம் அந்தச் சந்துல விழுந்து சிக்கும். தூசிக் குழாய் பின்பக்கம் நீட்டிக்கிட்டிருந்தா அதுக்கும் வழி விட்டு சட்டம் அடி.

அளக்கறதுக்கு ரசமட்டத்தை நம்பாத, ரெண்டுக்கும் மேல ஒரு நேரான அலுமினியப் பட்டையைக் குறுக்க வச்சு அடியில வெளிச்சம் பாரு.

மே 18

காடி விஷயத்தை மறக்காதீங்க. மெஷின் மேசையில ரெண்டு காடி ஓடுதுல்ல, குறுக்க வெட்டுற சறுக்குப் பலகையோட நாக்கு ஓடுறது, முக்கால் இஞ்ச் அகலம், மூணு நூல் ஆழம். அந்தக் காடி பின்மேசையிலயும் தொடரணும். இல்லன்னா நாக்கு மேசை ஓரத்துல இடிச்சு நிக்கும், வெட்டு முடியாது. நல்லாப் பண்ணின மேசையில காடி இல்லாமப் போய், சறுக்குப் பலகை எடுக்கிறப்பல்லாம் மேசையை இழுத்து அந்தப் பக்கம் போடுற ஆளுங்களைப் பாத்திருக்கேன்.

ரூட்டர் இல்லாமலே காடி எடுக்கலாம். அடியில 18 மில்லி பிளைவுட் முழுசா ஒரு பலகை. அதுக்கு மேல 12 மில்லி பிளைவுட்டை மூணு துண்டாப் போடு, துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல ஒரு இஞ்ச் இடைவெளி விடு. அந்த இடைவெளியே காடி. ஆழம் 12 மில்லி, மெஷின்ல இருக்கிறது ஒன்பதரை, போதுமான அளவு இறங்கியிருக்கும். மெஷின் காடியைவிட அகலமா இருக்கணும், பின்மேசை நாக்குக்கு வழி காட்ட வேணாம், வழி மறிக்காம இருந்தாப் போதும். துண்டை ஒட்டுறதுக்கு முன்னால சறுக்குப் பலகையை மெஷின் காடியில போட்டுப் பின்னால வரைக்கும் தள்ளிப் பாத்து, நாக்கு ரெண்டு பக்கமும் தொடாம ஓடுற இடத்துல பென்சில் கோடு போட்டுக்க.

காடியோட கடைசி முனையை மூடாத. மரத்தூள் அங்க போய் இறுகி உக்காந்துக்கும், நாக்கு அதுல போய் முட்டும். கடைசி வரைக்கும் தொறந்து விடு, இல்ல முனையில ஒரு பெரிய ஓட்டை போட்டு விடு, தூள் கீழ கொட்டிடும்.

மே 26

மழை ஆரம்பிச்சாச்சு இங்க. மோல்மீன் மழைன்னா தெரியும்ல, வருஷத்துக்கு 4000 மில்லிமீட்டருக்கு மேல. மெஷின் மேசை இரும்பா இருந்தா இன்னைக்கே மெழுகு போடுங்க, பின்மேசைக்கும் அதே மெழுகு. சிலிக்கான் கலந்த ஸ்ப்ரே அடிக்காதீங்க, அது பலகையில ஒட்டிக்கிட்டு வந்து பின்னாடி வார்னிஷ் அடிக்கிறப்ப மீன் கண்ணு மாதிரி புள்ளிப் புள்ளியா விலகும்.

நான் சொல்ல வந்தது கரண்ட்டு. நம்ம ஊர்ல பாதி வெட்டுல கரண்ட்டு போறது சாதாரணம். பலகை பாதி உள்ள, பாதி வெளிய, பிளேடு நின்னு போச்சு. பின்னாடி மேசை இல்லன்னா அந்தப் பலகையைக் கையில பிடிச்சுக்கிட்டே நிக்கணும், விட்டா சாஞ்சு பிளேடுல முறுக்கிக்கும். அப்படி நிக்கிற நேரத்துல சுவிட்ச்சை அணைக்கக் கை எட்டாது. கரண்ட்டு திரும்பி வந்தா பிளேடு தானா சுத்த ஆரம்பிச்சுடும், பலகை சிக்கின நிலையிலயே. யோசிச்சுப் பாருங்க. மேசை இருந்தா பலகை அது பாட்டுக்குக் கிடக்கும், ரெண்டு கையும் சும்மா இருக்கும், சுவிட்ச்சை அணைச்சு பிளக்கைப் புடுங்கிட்டு, பலகையைப் பின்னால இழுத்து எடுத்துட்டு, போய் லபெயே, நம்ம ஊர் டீ, குடிச்சுட்டு வரலாம். கரண்ட்டு வந்தா தானா ஓடாத சுவிட்ச்சு, மறுபடியும் பச்சைப் பட்டனை அமுக்கினாத்தான் ஓடும், அது தனியா கிடைக்குது, காசு இருந்தா முதல்ல அதைப் போடுங்க, மேசைக்கு முன்னாடியே போடுங்க.

எங்க ஊரு ஆளுங்களுக்கு மேசை வேணும்னு நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

ஜூன் 8

சட்டத்துக்கு என்ன மரம்னு ரெண்டு பேர் கேட்டிருக்காங்க. தேக்கு வேணாம், விலை அந்த மாதிரி, வீணாக்காதீங்க. பிங்காடோ கிடைச்சா கால் நாலுக்கும் அதைப் போடுங்க, ஊர்ல இருள்னு சொல்ற மரம், ரயில் தண்டவாளத்துக்கு அடியில கட்டையாப் போடுறது, கரையானும் சீக்கிரம் வராது, ஈரத் தரையில நிக்கும். ஆனா கனம். 8 அடி நீளம், 6 இஞ்ச் அகலம், 1 இஞ்ச் கனத்துல தேக்குப் பலகை 6 கிலோ இருந்தா பிங்காடோ 9 கிலோ வரும், நம்ம கணக்குல அஞ்சரை வீசை. அதனால தூக்குற மேசைன்னா, அதாவது மடிச்சு வைக்கிறதுன்னா, பிங்காடோவைக் காலோட நிறுத்திக்கணும், மேல்பலகை பிளைவுட்டா இருக்கட்டும். ரப்பர் மரம் நம்ம மோன் மாநிலத்துல எங்க பாத்தாலும் கிடைக்குது, மலிவு, மருந்தேத்தினதா பாத்து வாங்கணும், இல்லன்னா பூச்சியும் பூஞ்சையும் உடனே ஏறிடும்.

நான் போட்டது பழைய வீட்டு மரம். இங்க பழைய தேக்கு வீட்டைப் பிரிக்கிறப்ப துண்டு துண்டா விக்கிறாங்க, கட்டில் கால், உத்தரம், படிக்கட்டு. தானாவே பல வருஷம் காஞ்சு நின்ன மரம், இனிமே கோணாது. ஒரு காலத்துல கப்பல் கட்டினதே இந்த ஊர்ல இந்தத் தேக்குலதானே, வெள்ளைக்காரன் காலத்துல ஆத்தோரம் பூரா மரக்கிட்டங்கி. 2014 ஏப்ரல்ல உருட்டு மரம் ஏற்றுமதியை அரசாங்கம் நிறுத்தினப்ப உள்ளூர்ல நல்ல தேக்கு சல்லிசா வரும்னு பேசிக்கிட்டாங்க, அறுத்த மரம் போறது போய்க்கிட்டேதான் இருந்துச்சு, எங்க கைக்கு வந்தது இந்தப் பழைய வீட்டுத் துண்டுதான். எனக்கு அதுல குறை இல்ல. இழைப்புளி போட்டு மேல்தோலைச் சீவினதும் உள்ள இருந்து அந்தத் தேன் நிறம் வரும் பாருங்க, எண்ணெய் வாசனையோட, அதுக்காகவே இந்த வேலையில இருக்கேன்.

தேக்கை ஒட்டுறதுக்கு முன்னால ஒட்டுற முகத்தை அசிட்டோன் நனைச்ச துணியால துடைங்க, எண்ணெய் போனாத்தான் பசை பிடிக்கும். தூசிக்கு மாஸ்க் போடுங்க, தேக்குத் தூசி சில பேருக்குத் தோல்ல அரிக்கும். தேக்குல மணல் சத்தும் உண்டு, பல்லு சீக்கிரம் மழுங்கும், கார்பைடு பிளேடு இல்லாம வேலைக்கு ஆகாது.

ஜூன் 9

பழைய மரம்னு சொன்னதுல ஒண்ணு சேத்துக்கங்க: ஆணி. காந்தத்தை வச்சு ரெண்டு பக்கமும் நகர்த்திப் பாக்கணும், ஆணித் தலை உடைஞ்சு உள்ள போயிருந்தா கண்ணுக்குத் தெரியாது, கருப்பா ஒரு கறைதான் தெரியும். கறை தெரிஞ்சா அந்த இடத்தைக் கொத்திப் பாருங்க. பித்தளை ஸ்குரு காந்தத்துல ஒட்டாது, பழைய வீட்டுக் கதவுல அது நிறைய வரும், அதையும் கண்ணாலதான் தேடணும்.

ஜூலை 2

முடோன் அண்ணன் நல்ல கேள்வி கேட்டிருக்காரு: மழைக்கு முன்னால அரை நூல் இறக்கி வச்ச மேசை இப்ப மெஷினோட சமமா வந்து நிக்குது, மரக்கால் மழையில வளருதா?

கால் வளராதுண்ணே. மரம் நீளவாக்குல ஊதாது, ஊதுறதெல்லாம் அகலத்துலதான். மேல்பலகைக்கு அடியில 4 இஞ்ச் அகலப் பட்டையை நட்டமா வச்சுச் சட்டம் அடிச்சிருப்பீங்க. அந்த 4 இஞ்ச் தேக்கா இருந்தாலே வெயில் காலத்துல இருந்து மழைக்காலத்துக்குக் கால் நூல் வரைக்கும் ஊதும், வேற மரம்னா இன்னும் கூட. மேல இருக்கிற பிளைவுட்டும் கனத்துல ஒரு மயிரிழை சேத்துக்கும். அரை நூல்ல கால் நூல் அங்கயே போச்சு. மிச்சம் உங்க தரை, ஈர மண்ணு மேல போட்ட தரைன்னா மெஷின் பக்கம் ஒரு பொட்டு இறங்கியிருக்கும்.

அதனால மே மாசம் நான் அரை நூல்னு சொன்னதை இப்படி மாத்திக்கங்க: மழையில செட் பண்றீங்கன்னா அரை நூல், வெயில்ல செட் பண்றீங்கன்னா முக்கால் நூல். கூடக் கொஞ்சம் இறங்கினா ஒண்ணும் கெட்டுப் போகாது, மேல ஏறினாத்தான் வம்பு. கால் அடியில திருகிற போல்ட் போட்டுடுங்க, கால்ல ஓட்டை போட்டு அடியில இருந்து டி-நட்டை, மரத்துல அடிச்சு இறக்குற மரை நட்டு, அடிச்சு எம்10 போல்ட்டு, அதாவது 10 மில்லி கனம், தலை கீழ. ஸ்பேனரால ஒரு சுத்துச் சுத்தினா ஒண்ணரை மில்லி ஏறும் இறங்கும், அது கிட்டத்தட்ட அரை நூல். ரொம்ப வசதி.

ஜூலை 14

மேல ஃபார்மிகா, அந்த வழவழப்பான மைக்கா ஷீட்டு, ஒட்டலாமான்னா, ஒட்டலாம், பலகை வெண்ணெயா வழுக்கிட்டுப் போகும். ஆனா மேல மட்டும் ஒட்டாதீங்க. மேல்பக்கம் ஈரத்தை அடைச்சிடும், அடிப்பக்கம் தொறந்து கிடந்து ஈரத்தைக் குடிக்கும், மேசை வளைஞ்சு ஓரம் தூக்கிக்கும், நடு பள்ளமாயிடும். அடியிலயும் ஏதாவது மலிவான ஷீட்டு ஒட்டணும், கலர் எதுவா இருந்தா என்ன. காடியோட உள் சுவர்லயும் ஓரத்துலயும் வார்னிஷ் ரெண்டு கோட்டு. எம்.டி.எஃப், அந்த மரநாரை அழுத்திச் செஞ்ச பலகை, அது பக்கமே போகாதீங்க, இந்த மழைக்கு ஓரமெல்லாம் ரொட்டி ஊறின மாதிரி ஆயிடும்.

ஜூலை 27

தனியா நிக்கிற மேசையா, மெஷினோட சேத்தாங்கிறதுல ரொம்ப நாளா தனி மேசைதான் நல்லதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன், அதிர்வு ஒட்டாது, வேற வேலைக்கும் ஆகும்னு. இப்ப வேற மாதிரி தோணுது. பெரிய வார்ப்பிரும்பு மெஷினுக்குத் தனி மேசை சரி, அது நகரவே நகராது. ஜாப்சைட் மெஷின் கனமே இல்லாதது, ஒரு பிங்காடோப் பலகையைத் தள்ளினா மெஷினே ரெண்டு நூல் நகருது, மேசை நகராம நிக்குது, காடி ரெண்டும் விலகிப் போகுது. மெஷினோட சொந்த ஸ்டாண்டுல மேசையைக் கீல் போட்டுத் தொங்க விட்டா கனத்துல மெஷின் பின்பக்கம் சாயும். ஆகவே ரெண்டுக்கும் சேத்து அடியில ஒரே சட்டம், நாலு சக்கரம், ரெண்டுல பூட்டு. மெஷினைச் சட்டத்துல போல்ட் போட்டு இறுக்கிடு, பின்மேசையும் அதே சட்டத்துல. எங்க உருட்டினாலும் உயரமும் காடியும் அப்படியே இருக்கும்.

ஆகஸ்ட் 5

தம்பி படம் அனுப்பியிருக்கான், சட்டம் நல்லா வந்திருக்கு, கழுந்து போட்டு இறுக்கியிருக்கான், சந்தோஷம். இடம் கம்மிங்கிறதால மடக்குற மாதிரி வேணும்ங்கிறான்.

முழுசா மடக்காத. சட்டத்தோட சேந்து 14 இஞ்ச் நிலையா இருக்கட்டும், காடி அதுல முடிஞ்சிடட்டும். மிச்சம் 28 இஞ்ச் கீல்ல தொங்கட்டும். அப்பத்தான் மடிச்சு வச்சிருக்கிறப்பவும் குறுக்க வெட்டுற வேலைக்கு சறுக்குப் பலகை ஓடும், நீளம் கிழிக்கிறப்ப மட்டும் விரிச்சுக்கலாம். நீளக் கீல், பொட்டிக்குப் போடுவாங்களே முழு நீளத்துக்கும், அது வாங்கு, சின்னக் கீல் ரெண்டு போட்டா நடுவுல தொங்கும். கீல் தலை மேசை மட்டத்துக்கு மேல வரவே கூடாது, அடியில மாட்டு. தொங்குற பாதிக்கு அடியில சாய்வு முட்டு ரெண்டு, தரை வரைக்கும் கால் வேணாம், காலு தரையோட பள்ளத்துக்கு ஏத்த மாதிரி மாறிக்கிட்டே இருக்கும், முட்டு சட்டத்துலயே ஊணி நிக்கும். முட்டோட அடி முனையில ஒரு ஸ்குருவை அரைகுறையா விட்டு வை, உயரம் கூட்டக் குறைக்க அதுவே போதும்.

தொங்குற துண்டு நிலையான துண்டைவிட இன்னும் கால் நூல் கீழ இருக்கட்டும், அங்கயும் ஓரத்தைச் சீவி விடு.

கீல் மாட்டுறதை அடியில இருந்து படம் எடுத்து வச்சிருக்கேன், நெட்டு ஒழுங்கா வந்தா ராத்திரி போடுறேன். முடோன் அண்ணன் சக்கரம் எத்தனை இஞ்ச்னு கேட்டாரு, 3 இஞ்ச், ரப்பர் வேணாம், பாலியூரித்தேன்.